கால் அங்குல மடிப்பு

அண்ணியின் கையில் எந்தத் துணி சிக்கினாலும் அதன் ஓரம் கால் அங்குலம் உள்ளே மடியும். மடிப்பின் மேல் கட்டைவிரல் நகம் ஒருமுறை ஓடும். அதற்குப் பிறகுதான் அந்தத் துணியால் ஆக வேண்டிய வேலை நடக்கும். துண்டானாலும் சரி, தலையணை உறையானாலும் சரி. செய்தித்தாளைக்கூட அவர் விட்டுவைத்ததில்லை. அண்ணன் படிக்க எடுக்கும்போது முதல் பக்கத்தின் ஓரம் மடிந்திருக்கும். ஒருமுறை பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளின் சால்வை முனையை மடித்து நீவிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் குனிந்து சால்வையைப் பார்த்தார், நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தார், பிறகு அடுத்த முனையையும் எடுத்துக் கொடுத்தார்.

இருபத்திரண்டு வருடமாக இதைப் பார்க்கிறேன். அண்ணனைக் கட்டிக்கொண்டு அவர் எங்கள் வீட்டுக்கு வந்த வருடம்தான் நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தினேன். அதே வருடம் அவர் சட்டைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். காலையில் ஏழரைக்குப் போனால் மாலை ஆறரைக்கு வருவார். அங்கே அவர் செய்தது ஒரே வேலை: சட்டைக் கையின் ஓரத்தை மடித்துத் தைப்பது. துணியை வெட்டுவது வேறு பிரிவு. அளவு எழுதுவது அதற்கும் மேல்மாடியில். வெட்டிய கைகள் நாற்பது நாற்பதாகக் கட்டி இவரிடம் வரும். பத்தொன்பது வருடம், நாற்பத்தொன்றாம் எண் நாற்காலி, கால் அங்குலம். அங்கே அவரை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

பிறகு தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கடைசி நாளன்று ஒரு மூட்டை வெட்டுத்துணியோடு வீட்டுக்கு வந்தார். "என்னம்மா இது?" என்று அம்மா கேட்டதற்கு, "பத்தொன்பது வருஷம் அத்தை. வெறுங்கையோட வர மனசு வரல" என்றார்.

அந்த மூட்டையில்தான் எல்லாம் தொடங்கியது. சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டித் தைத்து அண்ணி கட்டங்கள் செய்ய ஆரம்பித்தார். எங்கள் பழைய தையல் மெஷினைத் தெருவைப் பார்த்த முன்னறையில் ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து துண்டுகளை நிறம் பார்த்து அடுக்கிக் கொடுப்பேன். அக்காவுக்குக் குழந்தை பிறந்தபோது அண்ணி முதல் போர்வையை முடித்தார். ஆறங்குலக் கட்டங்கள். ஒரு கட்டத்தில் நட்சத்திரம், அடுத்தது வெறும் வெள்ளை, அதற்கடுத்து மறுபடியும் நட்சத்திரம். நடுவில் மெல்லிய பஞ்சு. ஒவ்வொரு நட்சத்திரத்தின் நடுவிலும் ஒரு சதுரம், சுற்றிலும் எட்டு முனைகள். முனைகள் சந்திக்கும் உள்மூலைகள் நடுச்சதுரத்தை மயிரிழைகூட விலகாமல் தொட்டுக்கொண்டிருக்கும். அண்ணிக்கு அதில் பெரிய பெருமை. வருகிறவர்களிடமெல்லாம் "முனையைப் பாருங்க, முனையைப் பாருங்க" என்பார்.

அண்ணனுக்கு அந்த முன்னறையில் நிம்மதி இல்லை. அவர் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மோட்டார் பழுது பார்ப்பவர். சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தால் குண்டூசி ஏறும்.

"வீட்டுக்குள்ள நடக்க எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் குடுங்க" என்று ஒற்றைக் காலில் நின்றபடி கத்துவார்.

"பாத்து நடந்தா போதும்ங்க. கண்ணு எதுக்கு இருக்கு?"

"கண்ணு மேல இருக்கு. ஊசி கீழ இருக்கு."

இந்த நேரத்தில்தான் தெருக்கோடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவரைக் கட்டிடச் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னார். அவர் எங்கள் முன்னறையை வாடகைக்குக் கேட்டார். அண்ணன் சரி என்று சொல்லவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. வீட்டில் இருப்பது மூன்றே அறை. முன்னறை போனால் மெஷின் பரணுக்குத்தான் போகவேண்டும். அண்ணி சண்டை போடவில்லை. என்னிடம் மட்டும் ஒருநாள், "நாப்பத்தொண்ணு போனதுக்கப்புறம் எனக்குன்னு இருக்கிறது இந்த ஜன்னலோரம்தான் பாப்பா" என்றார். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அவருக்கு நான் இன்றும் பாப்பாதான்.

அடுத்த தெருவில் வேலைக்குப் போகும் பெண்களுக்காக விடுதி கட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒருநாள் எங்கள் ஜன்னல் முன்னால் நின்றார். அக்கா குழந்தையின் போர்வை ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது.

"இதை யார் தச்சது?"

"என் மருமகதான். வேற வேலை என்ன அவளுக்கு" என்றார் அம்மா. குரலில் பெருமை இருந்தது; சொல்லில்தான் இல்லை.

"இதே நட்சத்திரம், கட்டில் அளவுக்கு வேணும். அஞ்சடிக்கு ஏழடி. மொத்தம் ஆறு. ஒண்ணாம் தேதி விடுதி திறக்கிறேன். முடியுமா?"

அண்ணியின் விரல் போர்வையின் ஓரத்தை மடித்தது. "பெரிசு பண்ணிக்கலாம்ங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அன்று தேதி ஐந்து.

அண்ணன் அன்று சாயங்காலமே பேசிவிட்டார். அவர் கோபக்காரர் இல்லை. ஆனால் இழுத்துக்கொண்டே போகிற காரியம் அவருக்குப் பிடிக்காது. "ஒண்ணாம் தேதி ஆறும் போயிடுச்சுன்னா முன்னறை உனக்கு. இனிமே அதப்பத்திப் பேச்சே எடுக்கமாட்டேன். போகலன்னா ஜெராக்ஸ்காரர்கிட்ட சாவியக் குடுத்துடுவேன். சரியா?"

"சரி."

"அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக்கூடாது."

"சரின்னு சொல்லிட்டேன்ல."

ஆறங்குலக் கட்டத்தைப் பன்னிரண்டு அங்குலமாக்க வேண்டும். அப்படியானால் ஒரு கட்டம் சரியாக ஓர் அடி. அகலத்துக்கு ஐந்து, நீளத்துக்கு ஏழு, போர்வைக்கு முப்பத்தைந்து கட்டம். "கணக்கு விரல்லயே நிக்குது பாரு" என்று அண்ணி சந்தோஷப்பட்டார். சின்னப் போர்வைக்கு வெட்டி வைத்திருந்த அளவு அட்டைகளை எடுத்தார். நடுச்சதுரத்தின் அட்டை மூன்றரை அங்குலம். புதிய அட்டையை ஏழில் வெட்டினார். மூலைச்சதுரம் இரண்டு, அதை நான்காக்கினார். "எல்லாம் ரெண்டு மடங்கு. அவ்வளவுதானே?" நான் தலையாட்டினேன். வெறும் வெள்ளைக் கட்டங்களை வெட்டுவது என் வேலை. தைத்தபின் பன்னிரண்டு வரவேண்டும், இரண்டு பக்கமும் தையலுக்குக் கால் கால் விடவேண்டும் என்று பன்னிரண்டரைக்கு வெட்டினேன்.

முதல் மூன்று நட்சத்திரங்கள் அண்ணியின் கையிலிருந்து வந்தபோது நான் வெட்டிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. நான்காவதை இஸ்திரி போட எடுத்தேன். உள்மூலை நடுச்சதுரத்தைத் தொடவில்லை. கால் அங்குலம் தள்ளி நின்றது. பழைய போர்வையில் அப்படி இல்லையே என்று தோன்றியது. அண்ணியைப் பார்த்தேன். அவர் மெஷின் மேல் குனிந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பெரிய துண்டு, கொஞ்சம் விலகியிருக்கலாம், பத்தொன்பது வருடம் தைத்தவருக்குத் தெரியாததா என்று நினைத்தேன். அடுத்ததை எடுத்தேன். அதிலும் அப்படியே. இஸ்திரி போட்டு அடுக்கி வைத்தேன்.

பத்தொன்பதாம் தேதி எண்பது நட்சத்திரம் முடிந்திருந்தது. ஆறு போர்வைக்கும் வேண்டிய வெள்ளைக் கட்டங்களையும் நான் வெட்டி முடித்திருந்தேன். முதல் போர்வையைச் சேர்க்கலாம் என்று முன்னறைத் தரையைத் துடைத்துக் கட்டங்களைப் பரப்பினோம். ஒரு நட்சத்திரம், பக்கத்தில் ஒரு வெள்ளை. நட்சத்திரம் ஒன்றரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

அண்ணி வேறொன்றை எடுத்து வைத்துப் பார்த்தார். அதுவும் நீட்டியது.

"பாப்பா, நீ சின்னதா வெட்டிட்டியே!"

நான் டேப்பை எடுத்துக் கொடுத்தேன். வெள்ளை, பன்னிரண்டரை. நட்சத்திரம், பதினாலு. அண்ணி டேப்பைத் திருப்பிப் பிடித்து மறுபடியும் அளந்தார். டேப்பில் தப்பிருக்குமோ என்று இன்னொரு டேப் எடுத்து வந்தார். அதுவும் பதினாலுதான் சொன்னது.

அம்மா கதவருகில் வந்து நின்றார். "ஒண்ணு வளந்திருக்கு, ஒண்ணு வளரலையா?"

"அத்தை, கொஞ்சம் சும்மா இருங்க."

நான் தேதி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். எனக்குப் பேசுவதைவிட அது சுலபம். ஆனால் அண்ணி தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். பேசத்தான் வேண்டியிருந்தது.

"அண்ணி, சின்னதுல நடுத்துண்டு மூணரை. தச்சா மூணு. மூணுக்கு ரெண்டு மடங்கு ஆறு. அதோட தையலுக்கு அரை. ஆறரை வெட்டியிருக்கணும். நீங்க மூணரையை அப்படியே ரெண்டா பெருக்கிட்டீங்க. ஒரு வரிசைக்கு மூணு துண்டு. ஒவ்வொண்ணுலயும் அரை அங்குலம் கூடிப்போச்சு."

"மூணு அரை ஒன்றரை" என்றார் அண்ணி மெதுவாக.

தையலுக்கு விடுகிற துணியை அவர் ஒருநாளும் கணக்கில் பார்த்ததில்லை. அது அவர் விரலில் இருந்தது. வெட்டிய கை வரும், விரல் கால் அங்குலத்தை எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். எழுதி வைத்துப் பெருக்கும்போது அதையும் சேர்த்துப் பெருக்குகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"உனக்கு எப்பத் தெரிஞ்சது?"

"கணக்கு இப்பதான் தெரிஞ்சது. உள்மூலை தள்ளி நிக்கிறதைப் பாத்தது..."

"எப்ப?"

"நாலாவதுல."

"நாலாவதுலயா! எண்பது தச்சு முடிக்கிற வரைக்கும் பாத்துட்டு உக்காந்திருந்தியா, புண்ணியவதி?"

"ஊமைக்கோட்டான்" என்றார் அம்மா. "வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

அண்ணி இன்னும் திட்டியிருந்தால் பரவாயில்லை. ஒரு வெள்ளைக் கட்டத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நட்சத்திரத்தை வெட்டிச் சின்னதாக்கினால் முனைகள் போய்விடும். பிரித்துத் தைக்க எண்பதுக்கும் நேரமில்லை. புதிதாக வெட்டத் துணியும் இல்லை. இதெல்லாம் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். அது அப்படியே ஆறியது. அண்ணியின் விரல் மட்டும் அந்த வெள்ளைத் துணியின் ஓரத்தை மடித்துக்கொண்டும் விரித்துக்கொண்டும் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திடீரென்று கேட்டார். "கை குட்டையா வந்த சட்டையை நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கையையா வளக்க முடியும்? பட்டி வச்சுத் தச்சு அனுப்புவோம். பெரிசானதை ஏன் சின்னதாக்கணும்? சின்னதுக்குப் பட்டி வைப்போம். வெள்ளைக்குச் சுத்திலும், முக்கால் முக்கால் அங்குலம்."

"அப்ப போர்வை பெரிசாயிடுமே அண்ணி. அஞ்சு கட்டம் அஞ்சடியைத் தாண்டிடும்."

"ஒரு வரிசையை எடுத்துடு. நாலு வை. எவ்வளவு வருது?"

"தச்சா ஒண்ணு பதிமூணரை, நாலுக்கு... அம்பத்துநாலு அங்குலம்."

"அஞ்சடிக்கு அறுபது. பாக்கி ஆறு. இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு, ஓரத்துக்கு வச்சுக்கலாம். நீளத்துக்கு ஆறு கட்டம் போட்டா?"

"எண்பத்தொண்ணு. ஏழடிக்கு மூணு குறையுது."

"அதுவும் ஓரம். ஆக நாலு ஆறு, இருபத்துநாலு கட்டம். பாதி நட்சத்திரம், பன்னிரண்டு. ஆறு போர்வைக்கு?"

இருவரும் ஒரே நேரத்தில் மூலையில் அடுக்கியிருந்த நட்சத்திரங்களைப் பார்த்தோம். எழுபத்திரண்டு போதும். எண்பது இருந்தது.

"அடிப்பாவி" என்றார் அண்ணி. "நட்சத்திரம் முடிஞ்சே போச்சு!" முதல்முறையாக அன்று சிரித்தார். அம்மா எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தார்.

கருநீலத் துணி ஆறு மீட்டர் வாங்கினோம். அண்ணி உடனே வெட்டத் தயாரானார். நான் அதை வாங்கி வாளியில் ஊற வைத்தேன். முதல் தண்ணீர் மை மாதிரி ஓடியது. மூன்று தண்ணீர் அலசிய பிறகுதான் தெளிந்தது. ஒருநாள் போய்விட்டதே என்று அண்ணி முணுமுணுத்தார், ஆனால் தடுக்கவில்லை.

இன்னொரு கவலை இருந்தது. விடுதி அம்மாள் கேட்டது ஜன்னலில் பார்த்த அதே போர்வை. இது அது இல்லை. வெள்ளைக் கட்டங்களைச் சுற்றி நீலப் பட்டி, நட்சத்திரங்கள் பெரிதாக, நான்கே வரிசை. முதல் போர்வை முடிந்ததும், மற்றதைச் சேர்ப்பதற்கு முன்னால் காட்டிவிட வேண்டும் என்று அண்ணி பிடிவாதமாக இருந்தார். "அப்படியே குடுத்துட்டா அவங்களுக்குத் தெரியப்போறதில்ல" என்று அம்மா சொன்னார். "தெரியும் அத்தை. அவங்க முனையப் பாத்துதான் நின்னாங்க."

இருபத்துநாலாம் தேதி இருவரும் விடுதிக்குப் போனோம். சுவரில் வண்ணம் காய்ந்துகொண்டிருந்தது. கட்டில்கள் வந்திருந்தன, மெத்தைகள் பிளாஸ்டிக் உறையோடு கிடந்தன. அண்ணி போர்வையை ஒரு கட்டிலில் விரித்தார். விடுதி அம்மாள் சுற்றி வந்தார்.

"நான் கேட்டது இது இல்லையே."

"இல்லைங்க" என்றார் அண்ணி. "கணக்குல தப்புப் பண்ணிட்டேன். பெரிசாக்கும்போது தையலுக்கு விடுற துணியையும் சேர்த்துப் பெருக்கிட்டேன். அதான் பட்டி வச்சேன். அளவு நீங்க சொன்ன அதே அளவு. வேணாம்னா சொல்லிடுங்க, இன்னும் அஞ்சைச் சேர்க்கல."

விடுதி அம்மாள் போர்வையின் ஒரு தையலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். இன்னொன்றை இழுத்தார். பின்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். அண்ணியின் விரல் தன் பையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தது.

"இங்க வாராவாரம் துவைப்பாங்க. இந்த நீலம் வெள்ளையில இறங்கினா?"

அண்ணி என்னைப் பார்த்தார்.

"மூணு தண்ணி அலசிட்டேன்" என்றேன். "கடைசித் தண்ணியில வெள்ளைக் கைக்குட்டையப் போட்டுப் பாத்தேன். வெள்ளையாத்தான் இருந்தது." கைக்குட்டையைப் பையிலிருந்து எடுத்தும் காட்டினேன்.

விடுதி அம்மாள் கைக்குட்டையைப் பார்த்துச் சிரித்தார். "தப்பு பண்றது உங்க அண்ணி, சாட்சி கொண்டுவர்றது நீயா? சரி, பாக்கி அஞ்சும் இப்படியே இருக்கட்டும். எனக்கு இது பிடிச்சிருக்கு."

அடுத்த ஏழு நாளும் வீட்டில் வேறு பேச்சில்லை. நான் பட்டி வெட்ட, அண்ணி தைக்க, அம்மா இஸ்திரி போட. அம்மா ஒவ்வொரு கட்டத்தையும் போட்டு முடித்து "அடுத்த ஆள் வா" என்பார். அண்ணன் ஒருநாள் பழைய மோட்டாரிலிருந்து எடுத்த காந்தத்தை ஒரு குச்சி நுனியில் கட்டிக்கொண்டு வந்து, தரையில் கிடந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். "என் காலுக்காகத்தான்" என்றார், யாரும் கேட்காமலே.

ஒன்றாம் தேதி காலை ஐந்து போர்வை விடுதிக்குப் போய்விட்டது. ஆறாவதற்கு ஓரம் மடித்துத் தைக்க வேண்டியிருந்தது. பத்து மணிக்கு ஜெராக்ஸ்காரர் வந்தார். கையில் அளவு டேப். ஜெராக்ஸ் மெஷினை எங்கே வைக்கலாம் என்று முன்னறையின் நீளத்தை அளக்கத் தொடங்கினார்.

"டேப்பைத் தூக்கிப் பிடிங்க, துணி மேல படுது" என்றார் அண்ணி, தலை நிமிராமல்.

அண்ணன் வாசலில் நின்றிருந்தார். "ஆறுன்னு சொல்லியிருந்தேன்ல?"

"சொன்னீங்க. அஞ்சு போயாச்சு. இது சாயந்திரம் ஆகும்." அண்ணியின் குரல் இறங்கியிருந்தது. "நான் பேச்சு மாத்த மாட்டேன். நீங்க சொன்னதுதான்."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் அந்த நீல ஓரம் ஊசிக்கு அடியில் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜெராக்ஸ்காரரிடம் கேட்டார்.

"சாயந்திரமும் இன்னைக்கு ஒண்ணாம் தேதிதானே?"

"என்னைக் கேட்டா?" என்றார் ஜெராக்ஸ்காரர்.

"அப்ப சாயந்திரம் வரைக்கும் டேப்பைச் சுருட்டி வைங்க."

ஐந்து மணிக்கு அண்ணி கடைசி நூலை வெட்டினார். அண்ணனே போர்வையை வண்டியில் வைத்துக் கட்டி எடுத்துப் போனார். திரும்பி வரும்போது தெருக்கோடிக்குப் போய் ஜெராக்ஸ்காரரிடம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். அவருக்கும் இரண்டு வாரத்தில் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் இதைவிட நல்ல இடம் கிடைத்துவிட்டது.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. முன்னறையில் இப்போது இரண்டு மெஷின் இருக்கிறது, இரண்டாவது என்னுடையது. காலண்டர் தாளில் நான் எழுதிய கணக்கை அண்ணி சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்: முதலில் அரையைக் கழி, பிறகு பெருக்கு, கடைசியில் அரையைக் கூட்டு. மிச்சமான எட்டு நட்சத்திரங்கள் இன்னும் டப்பாவில் இருக்கின்றன. எதில் வைப்பது என்று முடிவாகவில்லை. விடுதி அம்மாள் மாடியில் கட்டிய நான்கு அறைகளுக்குப் போர்வை கேட்டிருக்கிறார், இரண்டு முடிந்துவிட்டது. இந்தமுறை முதல் கட்டத்தை எடுத்ததுமே ஒரு மூலை விலகியிருப்பதைச் சொன்னேன். அண்ணி பார்த்துவிட்டு, பிரித்துத் தைத்தார்.